பனந்தடி பீரங்கி!

பனைமரத்தை வெட்டினால் என்னவெல்லாம் செய்யலாம்? உத்தரம் போடலாம். கைமரம் அறுக்கலாம். நடுவில் குடைந்து தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சலாம். ஒரு மல்டி நேஷனல் கம்பெனியை மிரட்டவும் செய்யலாம் என்பது கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் கண்டுபிடித்த சங்கதி.

கம்பெனி என்றதும் இன்றைய கம்ப்யூட்டர் கம்பெனி எதையும் நினைத்துக் கொள்ளாதீர்கள். இது டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி. 1602-ல் ஆரம்பித்தது. ஷேர் மார்க்கெட்டில் கை வைத்துச் சுட்டுக்கொண்ட நண்பர்கள் கவனிக்கவும், பொதுமக்களுக்கு ஷேர் விற்று மூலதனம் திரட்டுகிற வித்தையை உலகத்துக்குக் கற்றுக் கொடுத்ததே இவர்கள்தான். மற்ற கம்பெனிகளுக்கு ஆபீசும் குமாஸ்தாக்களும் இருப்பார்கள். இவர்களுக்கு அவற்றோடு சொந்தமாகப் பட்டாளம், போர்க்கப்பல், நாணயம் அடிக்கிற உரிமை, யார் மேலும் சண்டை போடுகிற அதிகாரம் எல்லாம் உண்டு! மேனேஜிங் டைரக்டரே யுத்தப் பிரகடனம் செய்யலாம் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்.

குளச்சல் பக்கம் போய் யாரிடமாவது பேச்சுக் கொடுத்தால் இந்தக் கதை வந்துவிடும். டச்சுக்காரன் கப்பல் கடலில் நிற்கிறது. கரையில் மகாராஜாவிடம் அவ்வளவு பீரங்கி இல்லை. என்ன செய்தார்கள்? பனந்தடியை அளவாக வெட்டி, மாட்டு வண்டியில் ஏற்றி, கடலைப் பார்க்க வரிசையாக நிறுத்தினார்கள். தூரத்தில் இருந்து துருவக் கண்ணாடியில் பார்க்கிறவனுக்குக் கன்னங்கரேலென்று பீரங்கி வரிசை! போதாக்குறைக்கு மீனவர்கள் துடுப்பைத் தோளில் சாத்திக்கொண்டு கரையோரம் அணிவகுத்தார்களாம். துடுப்பு துப்பாக்கியாகத் தெரிந்ததாம். 'தடியைப் பாத்தே பயந்துட்டானுவ' என்று சொல்லும்போது அந்த ஊர்க்காரர்கள் முகத்தில் வருகிற சிரிப்பு இருக்கிறதே, அது 280 வருஷத்துக்கு மேல் பழசான சிரிப்பு.

இது வாய்வழியாக வந்த கதை. ஆனால் 'சும்மா கதை விடுகிறார்கள்' என்று தள்ளிவிட வேண்டாம். காரணம் சொல்கிறேன். அதற்கு முன் சண்டை எதற்கு வந்தது என்று பார்த்துவிடலாம்.

வேறெதற்கு, மிளகுக்குத்தான். ரசத்துக்குப் பொடித்துப் போடுகிறோமே, அதே நல்லமிளகு. மலையாளக் கரையில் விளைகிற மிளகு எல்லாம் தனக்கு மட்டுமே, அதுவும் தான் சொல்கிற விலைக்கே வரவேண்டும் என்பது டச்சுக்காரர்களின் பாலிசி. சின்னச் சின்ன ராஜாக்களிடம் தனித்தனியாக ஒப்பந்தம் போட்டு வைத்திருந்தார்கள். ராஜாக்கள் எவ்வளவு சின்னவர்களோ, மிளகும் அவ்வளவு சல்லிசு. இந்தக் கணக்கைக் கெடுக்க வந்தவர் மார்த்தாண்ட வர்மா. 1729-ல் வேணாட்டு கத்தியைக் கையில் எடுத்தபோது அவருக்கு வயது 23 தான். வேலைக்கு அப்ளிகேஷன் போட்டுக்கொண்டிருக்கிற வயசு! கல்குளம், அதாவது இன்றைய பத்மநாபபுரம்தான் தலைநகர். முதலில் உள்வீட்டு எதிரிகளான எட்டு வீட்டில் பிள்ளைமாரை ஒழித்தார். எப்படி ஒழித்தார் என்பதை இரவு சாப்பாட்டுக்குப் பிறகு படிக்காமல் இருப்பது நல்லது. பிறகு வடக்கே ஒவ்வொரு குட்டி ராஜ்யமாக விழுங்க ஆரம்பித்தார். விழுங்கின இடத்திலெல்லாம் மிளகு டச்சுக்காரன் கையை விட்டுப் போயிற்று.

1739-ல் இலங்கையின் டச்சு கவர்னர் வான் இம்ஹாஃப் நேரில் வந்து மிரட்டிப் பார்த்தார். 'படையெடுப்போம்' என்றார். 'நீர் இங்கே வந்தால் நான் என் மீனவர்களை வள்ளத்தில் அனுப்பி ஐரோப்பா மேல் படையெடுப்பேன்' என்கிற ரீதியில் மகாராஜா பதில் சொன்னதாகச் சரித்திரக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் சினிமா வசனம் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் சொல்லியிருக்கக்கூடிய ஆள்தான்.

1740 நவம்பரில் டச்சுக் கப்பல்கள் குளச்சல் கரையைச் சுட்டன. கொச்சியில் இருந்த டச்சு கமாண்டர் வான் கொலனெஸ், மேலிடத்து உதவி வந்து சேருவதற்குள்ளேயே ஆரம்பித்து வைத்த சண்டை இது. (ஹெட் ஆபீஸ் சாங்ஷன் வருவதற்குள் வேலையை ஆரம்பிக்கிற மேனேஜர்கள் அன்றும் இருந்தார்கள்.) இலங்கையில் இருந்து ஆட்கள் வந்து இறங்கினார்கள். குளச்சலில் மரக்கட்டைகளை நட்டு வேலிக்கோட்டை கட்டிக்கொண்டார்கள். அங்கிருந்து கோட்டாறு வரைக்கும் கைப்பற்றினார்கள். அடுத்த குறி பத்மநாபபுரம்.

இந்த இடத்தில் ஒரு விளக்கம். நாகர்கோவில் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். நாஞ்சில் நாடு என்றால் கண்டிப்பாகப் பார்த்தால் தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம்தான். குளச்சல் கல்குளம் தாலுகா. ஆகவே டச்சுக்காரன் நாஞ்சில் நாட்டுக்குள் காலை வைத்தது கோட்டாற்றில்தான் என்று எழுதிவிடுகிறேன், சரியா அண்ணாச்சி?

வடக்கே இருந்த மகாராஜா தெற்கே விரைந்து வந்தார். தளவாய் ராமய்யன் கூடவே. டச்சுக்காரர்கள் பின்வாங்கிக் குளச்சல் வேலிக்கோட்டைக்குள் போய் அடைந்தார்கள். திருவிதாங்கூர் படை சுற்றி வளைத்தது. இங்கேதான் நமது சினிமாக்காரர்கள் ஏமாந்து போவார்கள். வாளோடு வாள் மோதி, குதிரை கனைத்து, வீரர்கள் வசனம் பேசுகிற கிளைமாக்ஸ் எதிர்பார்க்கிறவர்களுக்கு, முற்றுகை என்பது சலிப்பான வேலை. உள்ளே இருப்பவனுக்குச் சோறு போகாமல் பார்த்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் மகாராஜா உட்கார்ந்த நேரம் பாருங்கள். ஜூன், ஜூலை, ஆகஸ்ட். தென்மேற்குப் பருவக்காற்று. அந்த மாதங்களில் குளச்சல் கடலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கப்பல் கிட்டே வந்து அரிசி மூட்டையை இறக்குவது லேசான காரியம் இல்லை. டச்சுக்காரர்களின் கிழக்கு ஹெட் ஆபீசோ ஜாவாவில் படேவியா. இன்றைய ஜகார்த்தா. அங்கே 1740 அக்டோபரில் சீனர்களைக் கூட்டங்கூட்டமாகப் படுகொலை செய்து, அதன் விளைவாக ஜாவா முழுக்கப் பற்றியெரிந்துகொண்டிருந்தது. அங்கே தலைக்கு மேல் வெள்ளம், குளச்சலுக்கு எங்கே ஆள் அனுப்புவது?

ஆகஸ்ட் மாத ஆரம்பத்தில் திருவிதாங்கூர் பீரங்கிக் குண்டு ஒன்று உள்ளே வெடிமருந்துப் பீப்பாய் மேல் விழுந்தது. தீ பிடித்து அரிசி இருப்பு முழுக்கச் சாம்பல். வெடிமருந்து இல்லாமல் சிப்பாய் சண்டை போடமாட்டான். அரிசி இல்லாமல் எதுவுமே செய்யமாட்டான். சரணடைந்தார்கள். ஏறக்குறைய 400 துப்பாக்கிகளும் சில பீரங்கிகளும் வாள்களும் மகாராஜா கைக்கு வந்தன. இரண்டு டஜன் ஐரோப்பியர்கள் கைதிகள். மீதிப்பேர் கப்பல் ஏறினார்கள். வெட்டவெளியில் நேருக்கு நேர் மோதி டச்சு அணியை உடைத்தார்கள் என்று எழுதுகிற புத்தகங்களும் உண்டு. எனக்கென்னவோ எரிந்துபோன அந்த அரிசிதான் ஜெயித்ததாகப் படுகிறது.

புத்தகங்களில் இந்தச் சண்டையின் தேதி 1741 ஆகஸ்ட் 10. குளச்சலில் வெற்றித் தூண் இன்றும் நிற்கிறது.

'ஐரோப்பிய வல்லரசை ஆசியாவில் முதன்முதலில் தோற்கடித்த போர்' என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே டச்சுக் கம்பெனியை 1662-ல் தைவானில் கோட்டையோடு பிடுங்கி எறிந்தவர் கோக்ஸிங்கா என்கிற சீனத் தளபதி. குளச்சலுக்கு 79 வருஷம் முன்னால். 'அன்றோடு டச்சு ஆதிக்கம் முடிந்தது' என்பதும் அவசரம். கொச்சியில் அவர்கள் 1795 வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். திருவிதாங்கூரோடு சண்டை இழுபறியாகிக் கடைசியில் 1753-ல் மாவேலிக்கரையில் ஒப்பந்தம் ஆயிற்று. மலையாள ராஜாக்கள் விவகாரத்தில் தலையிடமாட்டோம் என்று டச்சுக்காரர்கள் எழுதிக்கொடுத்தார்கள். கூடவே ஒரு ஷரத்து, வருஷத்துக்கு 12,000 ரூபாய் மதிப்புள்ள ஆயுதங்களைத் திருவிதாங்கூருக்கு அவர்களே சப்ளை செய்யவேண்டும்! அடித்தவனுக்கே அடிபட்டவன் தடி விற்கிற வியாபாரம். ஆயுத வியாபாரிகளுக்கு நிரந்தர எதிரி இல்லை, நிரந்தரக் கஸ்டமர்தான் உண்டு.

இப்போது பனந்தடிக்கு வருகிறேன்.

1780 டிசம்பர். அமெரிக்க சுதந்திரப் போர். தென் கரோலினாவில் பிரிட்டிஷார் பக்கத்து கர்னல் ரூக்லி என்பவர் நூற்றுச் சொச்சம் ஆட்களோடு பலமான கட்டடம் ஒன்றுக்குள் பதுங்கியிருக்கிறார். வெளியே குதிரைப்படையோடு கர்னல் வில்லியம் வாஷிங்டன். ஜார்ஜ் வாஷிங்டனின் தூரத்து உறவு. பீரங்கி கைவசம் இல்லை. பைன் மரத்தடி ஒன்றை வெட்டிச் சக்கரத்தில் ஏற்றி நிறுத்தி, 'சரணடைகிறாயா, சுடட்டுமா?' என்றார். ரூக்லி கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். ஒரு குண்டு செலவில்லை.

1862-ல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் வர்ஜீனியாவின் சென்டர்வில்லில் எதிரியின் பயங்கரமான பீரங்கி வரிசையைப் பார்த்து வடக்குப் படை மாதக்கணக்கில் தயங்கி நின்றது. கடைசியில் கிட்டே போய்ப் பார்த்தால் அதில் பல கறுப்புப் பெயின்ட் அடித்த மரத்தடிகள். பத்திரிகைகள் தளபதியைக் கிழித்துத் தோரணம் கட்டின.

1944-ல் அமெரிக்கா இதற்கென்றே தனிப்படை வைத்தது. சுமார் 1,100 பேர். ஓவியர்களும் சவுண்ட் என்ஜினீயர்களும் நிறைய. ரப்பரில் காற்றடித்த டாங்கிகளை வயலில் பரப்பி, டாங்கி ஓடுகிற சத்தத்தை ஸ்பீக்கரில் போட்டு, ஜெர்மன்காரர்களை ஏமாற்றுவதே உத்தியோகம். திருவிழாவில் பலூன் விற்கிறவன் போல் டாங்கிக்குக் காற்றடித்த இந்த ஆசாமிகளுக்கு 2024-ல்தான் அமெரிக்க காங்கிரஸ் தங்கப் பதக்கம் கொடுத்தது.

நம்மவர்கள் மட்டும் சளைத்தவர்களா? 1971-ல் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தைத் தேடிப் பாகிஸ்தானின் நீர்மூழ்கி காஸி வங்கக் கடலுக்கு வந்தது. விக்ராந்த் அந்தமான் பக்கம் பத்திரமாக ஒளிந்திருந்தது. விசாகப்பட்டினத்திலோ ஐ.என்.எஸ். ராஜ்புத் என்கிற பழைய கப்பல், தானே விக்ராந்த் மாதிரி வயர்லெஸ்ஸில் சளசளவென்று பேசிக்கொண்டிருந்தது. கிழக்குக் கடற்படைத் தளபதி வைஸ் அட்மிரல் கிருஷ்ணன் அதோடு விடவில்லை. விசாகப்பட்டினத்துக் கான்ட்ராக்டர்களிடம் ஏராளமான இறைச்சி, காய்கறிக்கு ஆர்டர் கொடுத்தார். பெரிய கப்பல் வந்திருக்கிறது என்று பஜார் பூராவும் பேசிக்கொள்ளட்டும் என்றுதான்! டிசம்பர் 3-ம் தேதி நள்ளிரவு தாண்டிய நேரத்தில் காஸி விசாகப்பட்டினம் வாசலிலேயே மூழ்கிப்போனது. ராஜ்புத் போட்ட குண்டில் மூழ்கியது என்று நாமும், தானே வைத்த கண்ணிவெடியில் என்று அவர்களும் சொல்கிறோம். எப்படியோ, இல்லாத கப்பலைத் தேடி வந்த இடத்தில் மூழ்கியது. பீரங்கி, டார்ப்பிடோ வரிசையில் மளிகை லிஸ்டையும் ஆயுதமாகச் சேர்த்துக் கொள்ளலாம்.

2022-ல் உக்ரைனில் அமெரிக்க ராக்கெட் லாரிகளைப் போல மரத்தில் பொம்மை செய்து வயலில் நிறுத்தினார்கள். மேலே பறந்த ரஷ்ய டிரோன் பார்த்துச் சொல்ல, எங்கோ கடலில் நின்ற கப்பலில் இருந்து ஏவுகணை வந்து பலகையைத் தூள்தூளாக்கியது. பலகைக்கு நூற்றுக்கணக்கில் செலவு, ஏவுகணைக்குக் கோடிக்கணக்கில். துருவக் கண்ணாடி போய் டிரோன் வந்தும் பார்க்கிற கண்ணை ஏமாற்றுகிற வேலை அப்படியேதான் இருக்கிறது. இப்போது சொல்லுங்கள், குளச்சல் பனந்தடியை நம்பாமல் இருக்க முடியுமா?

மார்த்தாண்ட வர்மாவின் நிஜமான கெட்டிக்காரத்தனம் சண்டை முடிந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. கைதிகளில் ஒருவன் பெயர் யூஸ்டாக்கியஸ் பெனடிக்டஸ் டி லனாய். பிரான்சின் ஆராஸ் பக்கத்துக்காரன். டச்சுக் 'கடற்படைத் தளபதி' என்று நம் ஊரில் பிரமோஷன் கொடுத்திருக்கிறார்கள். அவனுக்கு அப்போது வயது 26. தளபதியும் இல்லை, ஒன்றும் இல்லை. கம்பெனியில் சம்பளத்துக்கு வந்தவன். அங்கே சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் 9 கில்டர்தான். அதிலும் ஜுரத்தில் சாகாமல் இருந்தால்.

வேறு ராஜாவாக இருந்தால் தலையைச் சீவியிருப்பார், அல்லது பணம் வாங்கிக்கொண்டு விட்டிருப்பார். இவர், 'உன் ஆட்கள் சுடுகிற மாதிரி என் ஆட்களுக்குச் சொல்லிக் கொடு' என்று அவனை வேலைக்கு வைத்துக்கொண்டார். போட்டிக் கம்பெனி ஆளை இழுத்துப்போடுகிற வேலை! எதற்காக என்று புரிந்துகொள்ள அந்தக் காலத்துத் துப்பாக்கியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தென்திருவிதாங்கூர் வீரனிடம் துப்பாக்கி இல்லாமல் இல்லை. திரித் துப்பாக்கி இருந்தது. கனன்றுகொண்டிருக்கிற திரியை மருந்தில் தொட்டுச் சுட வேண்டும். நம் ஊர் மழையில் திரி நமுத்துப் போனால் துப்பாக்கி வெறும் உலக்கை. டச்சுக்காரனுடையது சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. விசையை இழுத்தால் கல் இரும்பில் உரசிப் பொறி பறக்கும். சுடுவதற்கு முன் காகிதப் பொட்டலத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, கொஞ்சம் மருந்தைக் கிண்ணியில் போட்டு, மீதியைக் குழாயில் கொட்டி, ஈயக் குண்டைப் போட்டு, கம்பியால் இடித்து, தூக்கிச் சுட வேண்டும். நன்றாகப் பழகினவன் நிமிஷத்துக்கு மூன்று முறை சுடுவான். குறி? அதை விடுங்கள். 100 கஜத்துக்கு மேல் யானையைக் குறிபார்த்தாலும் பக்கத்துப் பாகன் மேல்தான் படும்.

அப்படியானால் ஒரு தனி ஆள் ஒரு தடவை சுட்டுவிட்டு அடுத்த குண்டு போட 20 விநாடி ஆகும். களரியில் பயின்றவனுக்கு 20 விநாடி எவ்வளவு பெரிய நேரம் தெரியுமா? பாய்ந்து வந்து வெட்டிவிட்டுக் கத்தியைத் துடைத்துக்கொண்டு போய்விடுவான். ஐரோப்பியன் இதற்குக் கண்ட வழி ட்ரில். தோளோடு தோள் ஒட்டி மூன்று வரிசையாக நிற்பது. ஒரு வரிசை சுட, ஒரு வரிசை மருந்து போட, இடைவெளியே இல்லாமல் ஈயம் பறந்துகொண்டே இருக்கும். அதையும் தாண்டி எவனாவது வந்தால் துப்பாக்கி முனையில் பயனெட். பக்கத்தில் நிற்பவன் தலை பறந்தாலும் அசையக்கூடாது. தனித்திறமையே வேண்டாம். சொன்னதைச் செய்தால் போதும். (ஆபீசில் அனுபவப்பட்டவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை!)

குமரி மாவட்டம் அடிமுறைக்கும் வர்மத்துக்கும் பேர்போன மண். படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்று ஆசான்மார் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு விரல் தட்டில் ஆளைச் சாய்க்கிற வித்தை. அதைக் கற்க ஆசானுக்குப் பணிவிடை செய்து வருஷக்கணக்கில் கிடக்க வேண்டும். ட்ரில்லைச் சில மாதங்களில் யாருக்கும் கற்றுக் கொடுத்துவிடலாம். ஈயக் குண்டுக்கு 108 கணக்கெல்லாம் தெரியாது. அதற்கு உடம்பில் எல்லா இடமும் வர்மம்தான்! தலைமுறை தலைமுறையாக வாள் பிடித்த கைகளை வரிசையில் நிற்க வைத்து, இடது வலது சொல்லிக் கொடுத்தபோது அந்த வீரர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். அதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஜெயித்த கணக்கைத்தான் எழுதினார்கள்.

டி லனாய்க்குப் பத்மநாபபுரத்தை ஒட்டிப் புலியூர்க்குறிச்சியில் இருக்கிற உதயகிரிக் கோட்டையைக் கொடுத்தார்கள். பழைய மண்கோட்டையை மார்த்தாண்ட வர்மா கருங்கல்லில் எழுப்பினார். சுமார் 90 ஏக்கர், நடுவில் ஒரு குன்று. உள்ளே பீரங்கி வார்க்கிற உலை. மரத்தடி காட்டிப் பயமுறுத்தின ஊரில் நிஜப் பீரங்கியே வார்க்க ஆரம்பித்தார்கள். கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் கடலில் கால் நனைத்து நிற்கிறதே வட்டக்கோட்டை, அதை இப்போதுள்ள உருவத்தில் கட்டியதும் இவர் மேற்பார்வையில்தான். ட்ரில் படித்த படை வடக்கே கிளம்பியது. 1746-ல் காயங்குளம். பிறகு ஒவ்வொன்றாகக் கொச்சி வாசல் வரை. கைதியாக வந்தவர் 'வலிய கப்பித்தான்' ஆனார். பெரிய கேப்டன் என்று அர்த்தம். வடக்கு எல்லையில் அவர் போட்ட திட்டத்தில் எழுந்த நெடுங்கோட்டை என்கிற நீண்ட மதில்தான், அவர் செத்து 12 வருஷம் கழித்து 1789 டிசம்பரில் திப்பு சுல்தானின் முதல் தாக்குதலைத் தடுத்து நிறுத்தியது. நாலு மாதம் கழித்துத் திப்பு அதை உடைத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தக் கோட்டை வேலையில் அரண்மனை அதிகாரியாக இருந்தவர் நட்டாலத்து நீலகண்ட பிள்ளை. டி லனாயோடு பழகி, 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749-ல் பிடித்தார்கள். ஊர் ஊராக இழுத்துப்போய் வதைத்தார்கள். 1752 ஜனவரி 14-ம் தேதி ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் மகாராஜாவின் சிப்பாய்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2022-ல் அவரைப் புனிதராக அறிவித்தது ரோமாபுரி. குற்றம் ராஜ துரோகமா, மதம் மாறியதா என்று இன்றும் வாதிடுகிறார்கள். எனக்கு உறுத்துவது வேறு. அந்த மலையில் துப்பாக்கியைத் தூக்கிய கைகள் எந்தப் படையின் கைகள்? நண்பர் பழக்கிக் கொடுத்த படைதானே?

கோட்டையும் மதிலும் எத்தனை நாள் காப்பாற்றும் என்பதற்கும் அதே ஆரல்வாய்மொழிதான் சாட்சி. 1809. தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி தளவாய் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளம்பிய நேரம். திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து கர்னல் செயின்ட் லெஜர் படையோடு வந்தார். கணவாயை அடைத்து இரண்டு பக்கமும் மலை வரைக்கும் மதில், பீரங்கிகள். நேராகப் போனால் செத்தார்கள். மேஜர் வெல்ஷ் என்பவர் ஒரு பிரிவு சிப்பாய்களோடு இரவில், ஆள் ஏறவே முடியாது என்று நினைத்திருந்த தென்புறப் பாறையில் மணிக்கணக்காக ஏறினார். பிப்ரவரி 10-ம் தேதி விடிகிறபோது மதிலின் தலைமாட்டில் ஆங்கிலேயச் சிப்பாய்கள்! மேலே இருந்து சுட ஆரம்பித்ததும் கீழே மதில் காலியாயிற்று. கணவாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மலையைப் பார்க்கவில்லை. வேலுத்தம்பி மண்ணடியில் உயிரை விட்டார். திருவிதாங்கூர் படையைக் கலைத்து, அரண்மனைக் காவலுக்கும் சாமி ஊர்வலத்துக்கும் மட்டும் கொஞ்சம் பேரை விட்டுவைத்தார்கள்.

அந்தக் கொஞ்சம் பேரின் வாரிசுதான் இந்திய ராணுவத்தில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 9-வது பட்டாலியன். 1704-ல் பத்மநாபபுரத்தில் ராஜாவின் மெய்க்காவல் படையாக ஆரம்பித்ததாகக் கணக்கு. நம் ராணுவத்திலேயே பழசான பட்டாலியன்களில் ஒன்று. எல்லையில் எங்கே இருந்தாலும் ஜூலை 31-ம் தேதி 'குளச்சல் தினம்' கொண்டாடுகிறார்கள். புத்தகத்தில் ஆகஸ்ட் 10, பட்டாளத்தில் ஜூலை 31. ஜெயித்தவர்கள் பத்து நாள் முன்னதாகக் கொண்டாடினால் யார் கேட்கப் போகிறார்கள்? 'வீர மதராஸி, அடி கொல்லு' என்பது ரெஜிமென்ட்டின் போர் முழக்கம். இமயமலைப் பனியில் தமிழும் மலையாளமும் ஒன்றாகக் கலந்து நிற்கிற கோஷம்.

வலிய கப்பித்தான் ஊருக்குத் திரும்பவே இல்லை. பத்மநாபபுரம் அரண்மனையில் அவர் மகாராஜா முன் சரணடைகிற படம் மாட்டியிருக்கிறார்கள். அவரே தூங்குவது உதயகிரியில், கூரை போன ஒரு சின்னத் தேவாலயத்துக்குள். கல்லறைக் கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து. 62 வருஷம் 5 மாதம் வாழ்ந்து, 1777 ஜூன் 1-ம் தேதி இறந்தார், ஏறக்குறைய 37 வருஷம் மகாராஜாக்களுக்கு விசுவாசமாக உழைத்தார் என்று கல் சொல்கிறது. 37 வருஷம்! அவர் பிறந்த நாட்டில் இருந்ததைவிட நம் ஊரில் இருந்ததுதான் அதிகம். பக்கத்திலேயே மனைவி மார்கரெட். மகன் ஜோஹன்னஸ் 1765-ல் திருநெல்வேலிச் சீமையில் களக்காட்டுச் சண்டையில் திருவிதாங்கூருக்காகச் சுடப்பட்டுச் செத்தான். இருபது வயதுகூட நிறைந்திருக்குமோ என்னவோ. அவனும் அங்கேதான். அந்தப் பையனுக்கு எது சொந்த நாடு?

இப்போது கோட்டைக்குள் வனத்துறை பூங்கா வைத்திருக்கிறது. மான்கள் மேய்கின்றன. பீரங்கி வார்த்த உலையைத் தாண்டித்தான் கல்லறைக்குப் போக வேண்டும். காதல் ஜோடிகள் நிறைய உட்கார்ந்திருப்பார்கள், கண்டுகொள்ளாமல் போய்விடுங்கள். நாகர்கோவிலில் இருந்து தக்கலை போகிற பஸ்ஸில் புலியூர்க்குறிச்சியில் இறங்கினால் கோட்டை மதில் ரோட்டில் இருந்தே தெரியும். அரண்மனை அங்கிருந்து பக்கம்தான். 1956 நவம்பர் 1-ல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தாலும் அரண்மனை இன்றைக்கும் கேரள அரசின் பராமரிப்பில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை போகாதீர்கள், லீவு.